விலை இறங்கியிருக்கிறது, வீடு எழும்புமா?

வீட்டு விற்பனை படுத்துவிட்டது என்று பில்டர்கள் புலம்பும் மாதங்களிலும் சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடிப் போவதில்லை. ஆடியில் கூட்டம் குறையும், ஆவணி பிறந்ததும் திரும்ப வந்துவிடும். முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. 2008-ன் உலகப் பொருளாதார நெருக்கடி, 2015-ன் சென்னை வெள்ளம், 2016-ன் பணமதிப்பு நீக்கம், 2020-ன் ஊரடங்கு என்று ஒவ்வொரு அடிக்குப் பின்னும் சந்தை சுருண்டது. ஆனாலும் கதவுகள் திறந்ததும் பத்திரத்தோடு வந்து நின்றவர்கள் இருந்தார்கள்.

“விலை இன்னும் இறங்கட்டுமே, அப்படி என்ன அவசரம்?” என்று அவர்களைக் கேட்பது சுலபம். மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ள இன்னொரு அறை வேண்டியிருக்கும். வீட்டு உரிமையாளர், “பையன் அமெரிக்காவிலேர்ந்து வர்றான், மார்ச்சுக்குள்ள காலி பண்ணிடுங்க” என்று சொல்லியிருப்பார். வாடகை ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019-லிருந்து சொல்கிறது. நடப்பில் சென்னையில் அதைவிடக் கூடுதலாகக் கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை பாத்திரம் பண்டத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு அலைந்து களைத்த குடும்பம், சந்தை நிலவரம் பார்த்து முடிவெடுப்பதில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடமும் தன் வயதும்தான் அங்கே முடிவெடுக்கின்றன.

அதனால் மந்தத்தில் வாங்குகிறவர்களை அறியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பேரம் பேச இடம் இருக்கிறது, நாலு வீடு பார்த்து நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடிகிறது, புரோக்கர் திரும்பக் கூப்பிடுகிறார். வாங்குகிறவரின் கை ஓங்கியிருக்கும் காலம் இதுதான். என் கவலை வேறு. மந்தத்தில் விலை இறங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பில்டரின் கையில் பணம் வற்றுவது வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. வாங்குகிறவர் தன் பேர பலத்தையெல்லாம் சதுர அடிக்கு இருநூறு ரூபாய் குறைப்பதிலும் மாடுலர் கிச்சனை இலவசமாக வாங்குவதிலும் செலவழித்துவிட்டு, அந்தப் பலத்தால் வாங்கியிருக்க வேண்டிய காகிதப் பாதுகாப்பைக் கோட்டை விடுகிறார். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

வயதும் வட்டியும்

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பளக்காரருக்கு வங்கிகள் பெரும்பாலும் ஓய்வு பெறும் வயதைக் கணக்கில் வைத்தே கடன் காலத்தை நிர்ணயிக்கின்றன. 40 வயதில் 50 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். அதே கடனை 45 வயதில் 15 ஆண்டுக்கு வாங்கினால் சுமார் 49,200. மொத்த வட்டி குறைவுதான், ஆனால் மாதச் சம்பளத்தில் அந்த ஆறாயிரத்துக்கு இடம் இருக்க வேண்டுமே. ஐந்து வருடம் காத்திருந்து விலை குறைந்தாலும், கடன் தகுதியும் கூடவே குறைந்துபோன குடும்பங்கள் உண்டு.

வட்டி இறங்குவதும் ஒரு தூண்டுதல். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, படிப்படியாகக் குறைத்து டிசம்பரில் 5.25-க்குக் கொண்டுவந்தது. இதைப் பார்த்து, வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கணக்குப் போடுகிறவர்கள் 2021-ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது ஸ்டேட் பாங்க் 6.7 சதவீதத்துக்கு வீட்டுக்கடன் கொடுத்தது. 40 லட்சம், 20 ஆண்டு என்றால் தவணை சுமார் 30,300 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ இரண்டரை சதவீதம் ஏறியது. மிதக்கும் வட்டியில் இருந்தவரின் கடன் 9.2-க்குப் போயிற்று என்று வையுங்கள். பாக்கி 38 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 29,100-ஐத் தாண்டுகிறது. அவர் பழையபடி 30,300 கட்டிக்கொண்டிருந்தால் அசலில் கழிவது ஆயிரத்துச் சொச்சம்தான். தவணைத் தொகை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்தவர்களின் கடன் காலம், அவர்களுக்குத் தெரியாமலே பல ஆண்டுகள் நீண்டது.

இந்தக் கொடுமைக்குப் பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று கடன்காரரிடம் வங்கி கேட்க வேண்டும். ஒரு பகுதியையோ முழுவதையுமோ முன்கூட்டியே கட்ட வழிவிட வேண்டும். நிலையான வட்டிக்கு மாறிக்கொள்ள வழிவிடுவதும் அப்போது கட்டாயமாக இருந்தது, 2025 அக்டோபரிலிருந்து அது வங்கியின் விருப்பமாகிவிட்டது. எவ்வளவு கட்டியாயிற்று, எத்தனை தவணை பாக்கி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரம் தர வேண்டும். தனிநபர் பெயரில் உள்ள மிதக்கும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. அந்த ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் உங்கள் உரிமை. கிளையில் கேட்டுக் கிடைக்காவிட்டால் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். தகவல் எண் 14448.

கைப்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம். பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. 70 லட்ச ரூபாய் புது ஃபிளாட் என்றால் 14 லட்சம் கையிலிருந்து போக வேண்டும். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலிருந்து, புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்த்து 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். ஆக இன்னும் 4.9 லட்சம். பழைய வீடானால் 9 சதவீதம். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனி. கார்ப்பெட் ஏரியா பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இந்தக் கணக்கைப் போடாமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கடைசி வாரத்தில் மனைவியின் நகையை அடகு வைப்பதும் பெர்சனல் லோன் எடுப்பதும் நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. முதல் வருடத்திலேயே மூன்று தவணைகள் சேர்ந்து கழுத்தை நெரிப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பில்டரிடம் பணம் இருக்கிறதா?

ஓர் அடுக்குமாடித் திட்டம் எப்படி எழும்புகிறது என்று பாருங்கள். நிலத்தில் பில்டரின் சொந்தப் பணம் கொஞ்சம், வட்டிக்கு வாங்கியது கொஞ்சம் இருக்கும். அதற்கு மேல் தூணும் தளமும் எழும்புவது வீடு பதிவு செய்தவர்களின் பணத்தில்தான். நூறு வீட்டில் எழுபது விற்றால் கட்டடம் ஓடும். முப்பது விற்ற நிலையில் சந்தை படுத்தால், அந்த முப்பது பேரின் பணம் மூன்றாம் தளத்தோடு தீர்ந்துபோகும். வேலையாட்கள் வேறு சைட்டுக்குப் போவார்கள். மழையில் கம்பி துருப்பிடிக்கும். முன்னால் வாங்கியவர் இப்போது வாடகையும் கட்டுவார், வங்கி விடுவித்த தொகைக்கு வட்டியும் கட்டுவார்.

2016-ல் நிறைவேறி 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், மக்கள் ரெரா என்று சொல்வது, இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும். அந்தத் திட்டத்தின் கட்டுமானத்துக்கும் நிலத்துக்கும் மட்டுமே அதை எடுக்கலாம். பொறியாளர், கட்டடக்கலைஞர், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்தால்தான் எடுக்க முடியும். ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொன்றுக்கு மடைமாற்றிய பழைய அக்கிரமத்துக்கு இது நல்ல பூட்டு. நொய்டாவில் ஆம்ரபாலி குழுமத்தை நம்பி ஏமாந்தவர்கள் 40,000-க்கும் மேற்பட்டோர். 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழுமத்தின் ரெரா பதிவை ரத்து செய்து, கட்டி முடிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வந்த பணத்தைத்தான் அந்தக் கணக்கு பாதுகாக்கும். வராத பணத்தை அதனால் கொண்டுவர முடியாது. மந்தமான சந்தையில் நாணயமான பில்டர்கூட இங்கேதான் சிக்குகிறார். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, “எத்தனை வீடு விற்றிருக்கிறது, எந்தத் தளத்தில் வேலை நடக்கிறது?” என்பதை. வாய்ப்பேச்சு வேண்டாம். பதிவுபெற்ற ஒவ்வொரு திட்டத்தின் அனுமதி, முடிக்கும் தேதி, பதிவான வீடுகளின் எண்ணிக்கை, வேலையின் நிலை ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் பில்டர் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். முடிக்கும் தேதி ஏற்கெனவே நீட்டிக்கப்பட்டிருக்கிறதா, கடைசி அறிக்கை எப்போது ஏற்றப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை போகாமல், வேலைநாள் ஒன்றில் காலை பத்து மணிக்கு சைட்டுக்குப் போங்கள். எத்தனை கொத்தனார் நிற்கிறார்கள் என்பது விளம்பரத்தைவிடத் தெளிவாகப் பேசும்.

இன்னொரு இடைவெளியும் உண்டு. நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்குள் இருந்தாலோ ரெரா பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டே கால் கிரவுண்டு. நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் பழைய தனி வீட்டை இடித்து, நில உரிமையாளரும் பில்டரும் கூட்டாகக் கட்டும் நாலு வீடு, ஆறு வீடு எல்லாம் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் வரும். நடுத்தரக் குடும்பங்கள் அதிகம் வாங்குவதும் அவற்றைத்தான். அங்கே 70 சதவீதக் கணக்கும் கிடையாது, இணையதள அறிக்கையும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் நில உரிமையாளரையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பில்டர் பவர் பத்திரத்தின் பேரில் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்பதைப் பதிவு அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள்.

மந்த காலத்துக்கென்றே சில சலுகைகள் முளைக்கும். “சாவி கைக்கு வரும்வரை இ.எம்.ஐ. கட்ட வேண்டாம், நாங்களே கட்டுகிறோம்” என்பது அவற்றில் மிக ஆபத்தானது. கடன் உங்கள் பெயரில் இருக்கும். வங்கி பெரும் பகுதியை முன்கூட்டியே பில்டருக்குக் கொடுத்துவிடும். பில்டர் வட்டி கட்டுவதை நிறுத்தினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும், சிபில் மதிப்பெண் உங்களுடையது சரியும். கட்டுமானம் எந்த அளவு வளர்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கே பணம் விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வீட்டுக்கடன் நிறுவனங்களை இந்த வகைத் திட்டங்களிலிருந்து விலகச் சொல்லி 2019-ல் தேசிய வீட்டுவசதி வங்கி உத்தரவிட்டது. டெல்லி சுற்றுவட்டாரத்தில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தொடுத்த வழக்கில், பில்டர்களும் கடன் கொடுத்தவர்களும் கைகோத்ததை விசாரிக்கும்படி 2025-ல் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் சொல்லியிருக்கிறது. பில்டர் பரிசாகத் தங்கக் காசு கொடுத்தால் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சலுகையை வாங்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு பத்தி

விலைத்தாளை எடுத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி, சதுர அடி 7,000 ரூபாய், 70 லட்சம் என்று போட்டிருக்கும். அந்த 1,000-ல் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் உங்கள் பங்கு கலந்திருக்கிறது. சுவருக்குள் நீங்கள் நடமாடும் இடமான கார்ப்பெட் ஏரியா 700 என்றால், நீங்கள் கொடுப்பது சதுர அடிக்கு 10,000. கார்ப்பெட் ஏரியாவைத்தான் சட்டம் அளவாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது இந்த எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள். கார் நிறுத்தம், மின் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு, பராமரிப்பு முன்பணம், சங்க வைப்புநிதி என்று கீழே வரிசையாக வருபவற்றையும் கூட்டிப் பாருங்கள். சதுர அடிக்குக் குறைத்த இருநூறு ரூபாய் இந்த வரிகளில் திரும்பி வந்திருக்கக்கூடும்.

ஒப்பந்தத்தின் நடுவில், பெரும்பாலும் யாரும் வாசிக்காத ஒரு பத்தி இருக்கும். ஒப்படைப்பு தாமதமானால் பில்டர் கொடுக்கும் ஈட்டுத்தொகை பற்றியது. சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என்று அதில் எழுதியிருந்தால் 1,000 சதுர அடிக்கு மாதம் 5,000 ரூபாய். அதே ஒப்பந்தத்தில் நீங்கள் தவணை தாமதித்தால் 18 சதவீதம் வட்டி என்றும் இருக்கும். ரெரா சட்டம் இதை ஏற்கவில்லை. நீங்கள் தாமதித்தால் என்ன வட்டியோ, பில்டர் தாமதித்தாலும் அதே வட்டி. தமிழ்நாட்டு விதிப்படி அது ஸ்டேட் பாங்க்கின் எம்.சி.எல்.ஆர். எனும் அடிப்படைக் கடன் வட்டிக்கு மேல் 2 சதவீதம். 10 சதவீதம் என்று வைத்தால்கூட, 60 லட்சம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு மாதமும் 50,000 ரூபாய் வர வேண்டும். ஐயாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு பத்தியில் இருக்கிறது. ஒருதலைப்பட்சமான இப்படிப்பட்ட நிபந்தனைகள் முறையற்ற வணிக நடவடிக்கை என்று 2019-ல் பயனீர் அர்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை என்பது ஆறுதல்தான். கையெழுத்துக்கு முன்பே மாற்றச் சொல்வது அதைவிட நல்லது. வீடு விற்காமல் தேங்கிக் கிடக்கும்போது பில்டர் இறங்கி வருவார். சந்தை சூடாக இருக்கும்போது வரமாட்டார்.

விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்க வேண்டுமானால் முதலில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு அது. “எல்லாரும் இப்படித்தான் சார் குடுக்கறாங்க” என்று சொல்லி 20 சதவீதத்தைச் சாதாரண ரசீதுக்கு வாங்குகிறவரிடம், அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், மந்தமான காலத்தில் கட்டி முடித்த வீடே மேல். தண்ணீர் வருகிறதா, மழைக்குச் சுவர் ஊறுகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். நிறைவுச் சான்று இருந்தால் ஜி.எஸ்.டி. மிச்சம். பில்டரின் பணம் தீருமா என்ற கவலையும் இல்லை. விற்காமல் கிடக்கும் கடைசி நாலைந்து வீடுகளுக்குத்தான் உண்மையான பேரமும் படியும். கட்டுமானத்தில் இருப்பதை வாங்கியே ஆக வேண்டும் என்றால், பல திட்டங்களை முடித்து, சொன்ன தேதியை ஒட்டிச் சாவி கொடுத்தவரிடம் வாங்குங்கள். அவர் முடித்த திட்டங்களில் ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்.

காகிதம், மண், தண்ணீர்

“பேங்க் லோன் அப்ரூவ் ஆன புராஜெக்ட்” என்ற வரியை நம்பி வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர். வங்கி தன் கடனுக்குப் போதிய ஈடு இருக்கிறதா என்று பார்க்கிறது. உங்கள் சேமிப்புக்கு அது காவல் இல்லை. தாய்ப்பத்திரத்திலிருந்து தொடர் அறுபடாமல் வருகிறதா, 30 ஆண்டு வில்லங்கச் சான்றில் அடமானமோ வழக்கோ தெரிகிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, புலப்படத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றா, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதித்த வரைபடத்தில் உள்ள தளங்கள்தான் கட்டப்பட்டிருக்கின்றனவா என்பதை உங்கள் வக்கீல் பார்க்க வேண்டும். பதிவாகாத உடன்பாடும், பதிவுக்கு வராத நீதிமன்ற வழக்கும், வரி பாக்கியும் வில்லங்கச் சான்றில் தெரியாது. நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம், யூ.டி.எஸ்., எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். நாளை கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் நாளில் உங்கள் பங்கைத் தீர்மானிப்பதில் அது முக்கியமானது.

மனைகளில் மலிவு விலைக்கு மயங்கியவர்களுக்கு 2016 ஒரு பாடம். அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பஞ்சாயத்து அனுமதியை நம்பி வாங்கியவர்கள் விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் வரன்முறைத் திட்டத்துக்காகக் காத்து நின்றார்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கும் அனுமதிக் காகிதங்கள் இருந்தன. ஏரிக்கரையிலும் சதுப்பு ஓரத்திலும் எழும் திட்டங்கள் மந்த காலத்தில் கவர்ச்சியான விலைக்கு வரும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது. அதைச் சுற்றியுள்ள கட்டுமான அனுமதிகள் இன்று பசுமைத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. தெருமுனை பெட்டிக்கடைக்காரரிடம் 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் கையை உயர்த்தியே காட்டுவார்கள்.

கை மீறிப் போனால்

சொன்ன தேதிக்கு வீடு வரவில்லை. இப்போது உங்களுக்கு இரண்டு வழி. திட்டத்திலிருந்து விலகிக் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அல்லது வீடுதான் வேண்டும் என்று இருந்து, சாவி கிடைக்கும்வரை மாதாமாதம் வட்டி கேட்கலாம். ரெரா சட்டத்தின் 18-ஆம் பிரிவு இரண்டையும் தருகிறது. பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை நிபந்தனையற்றது, பில்டர் சொல்லும் காரணங்களைப் பொறுத்ததல்ல என்று 2021 நவம்பரில் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. விளம்பரத்தில் காட்டியது ஒன்று, கட்டியது வேறு என்றால் 12-ஆம் பிரிவு துணைக்கு வரும். ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சங்கத்து வாட்ஸ்ஆப் குழுவில் படம் போடுவதோடு நிறுத்தாமல், தேதியோடு கடிதமும் மின்னஞ்சலும் அனுப்பி வையுங்கள். நாளை விசாரணையில் பேசப்போவது அவைதான்.

ரெரா ஆணையத்தில் ஆணை வாங்கியும் பணம் வராமல் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆணைப்படி பில்டர் கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வருவாய்த்துறை மூலம் வசூலிக்கலாம் என்று 40-ஆம் பிரிவு சொல்கிறது. கோப்பு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தேங்கினால் சொத்து கைமாறிவிடும். வசூல் வேகம் பெறாதவரை ஆணையம் கொடுக்கும் ஆணை பாதி நீதிதான், அரசு இதில் அவசரம் காட்ட வேண்டும். ஆணை வந்த கையோடு வசூலுக்கு விண்ணப்பித்து, பில்டரின் விற்காத வீடுகள், வேறு சொத்துகளின் விவரத்தையும் சேர்த்துக் கொடுப்பது உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது.

நுகர்வோர் ஆணையமும் திறந்தே இருக்கிறது. ரெரா இருப்பதால் அந்த வழி அடைபடவில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரெரா வரம்புக்கு வெளியே உள்ள சிறிய கட்டடங்களில் வாங்கியவர்களுக்கு இதுதான் முதல் கதவு.

பில்டரே திவாலாகிவிட்டால்? 2018-லிருந்து வீடு வாங்கியவர்களும் நிதிக் கடன் கொடுத்தவர்களாகக் கருதப்படுகிறார்கள். நிறுவனத்தைத் திவால் நடவடிக்கைக்குக் கொண்டுபோக, ஒரே திட்டத்தில் வாங்கியவர்களில் 100 பேரோ 10 சதவீதம் பேரோ சேர வேண்டும். வேறு யாராவது வழக்கைத் தொடங்கியிருந்தால், அறிவிப்பில் உள்ள கெடுவுக்குள் உங்கள் கோரிக்கையை, அந்த வழக்கில் நியமிக்கப்பட்ட தீர்வு நிபுணரிடம் பதிவு செய்துவிடுங்கள். திவால் நடவடிக்கை தொடங்கியதும் மற்ற இடங்களில் நடக்கும் வசூல் நின்றுவிடும். எழுதிக் கொடுக்காமல் விட்டவர் கடைசியில் வரிசையிலேயே இருக்க மாட்டார்.

வேலை போய்த் தவணை கட்ட முடியாமல் போவதும் மந்த காலத்தில் நடப்பதுதான். 90 நாள் தவறினால் கடன் வாராக்கடன் ஆகும். அதன் பின் 60 நாள் நோட்டீஸ், பிறகு வீடு வங்கியின் கைக்கு. அதற்கு முன்பே கிளைக்குப் போய்க் காலத்தை நீட்டித் தரக் கேட்பவருக்கு வழி இருக்கிறது. போனை அணைத்து வைப்பவருக்குக் குறைவு. கடனை முழுவதும் அடைத்தவருக்கு ஒன்று: 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். அதற்கு மேல் தாமதத்துக்கு வங்கியே காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

வழக்குச் செலவுக்கு வசதியில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமான வரம்புக்குள் வரும் மற்றவர்களுக்கும் இலவச உதவி கிடைக்கிறது. எண் 15100. நுகர்வோர் உதவி எண் 1915. இந்த வாரம் எங்கேயாவது அட்வான்ஸ் கொடுக்க நாள் குறித்திருந்தால் அதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு வாரத்தில் ரெரா பதிவைப் பாருங்கள், ஒப்பந்த நகலை வாங்கி வக்கீலிடம் காட்டுங்கள். நகலைக் கொடுக்க மறுக்கிற பில்டரிடம், எந்த விலைக்குக் கொடுத்தாலும், வீடு வாங்காதீர்கள்.